சிப்பின் பரப்பளவைக் கணிப்பது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

புதிய பிராசஸர் அல்லது கிராபிக்ஸ் சிப் வெளிவரும்போது அதன் டை எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று நிறுவனம் சில நேரம் சொல்லும், பல நேரம் சொல்லாது. டை என்பது வேஃபரிலிருந்து, அதாவது பல சிப்களை ஒருசேரச் செய்யும் வட்டமான சிலிக்கான் தகட்டிலிருந்து, வெட்டி எடுத்த ஒற்றைச் சிலிக்கான் துண்டு. ஒரு வேஃபரில் எத்தனை சிப் கிடைக்கும், அதில் எத்தனை தேறும், உள்ளே இன்னும் எத்தனை கோர்களுக்கு (கணக்குப் போடும் மையங்களுக்கு) இடமிருந்தது என்பதெல்லாம் இந்த ஒரு எண்ணிலிருந்து தொடங்குகிறது. அதனால்தான் சிப் ஆர்வலர்கள் இதை இவ்வளவு துருவுகிறார்கள்.

பெரிய கருவிகள் எதுவும் வேண்டாம். பிக்சல் அளவைக் காட்டும் ஒரு பட எடிட்டரும் ஒரு விரிதாளும் போதும். ஒரு பழக்கம் மட்டும் முதலிலேயே வர வேண்டும்: அளவு தெரிந்த ஒரு சிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தெரியாததைக் கணிப்பது. '7 நானோமீட்டர்', '5 நானோமீட்டர்' என்ற பெயர்கள் இன்றைக்குத் தயாரிப்பு முறையின் தலைமுறைப் பெயர்கள்தான். சிப்புக்குள் எந்த ஒரு குறிப்பிட்ட பாகத்தின் நீளத்தையும் அவை சொல்வதில்லை. பெயரை வைத்துக் கணக்குப் போட்டால் விடை தப்பும்.

படி 1: படம் இருந்தால் அளந்துவிடுங்கள்

கணிப்பதைவிட அளப்பது எப்போதும் மேல். கிராபிக்ஸ் கார்டுகளில் இது சுலபம், ஏனென்றால் ஹீட்சிங்கைக் கழற்றினால் டை வெளியே தெரியும். அதைச் சுற்றி மெமரி சிப்கள் இருக்கும். ஜிடிடிஆர்6 மெமரி சிப்பின் உறை 14 × 12 மி.மீ.; இது தரப்படுத்தப்பட்ட அளவு. அதுதான் உங்கள் அளவுகோல்.

ஒரு படத்தில் மெமரி சிப்பின் நீளப் பக்கம் 420 பிக்சல், அகலப் பக்கம் 360 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். 420-ஐ 14-ஆல் வகுத்தால் 30, 360-ஐ 12-ஆல் வகுத்தாலும் 30. இரண்டும் ஒத்துப்போவதால் படம் நேராக எடுக்கப்பட்டிருக்கிறது, 1 மி.மீ. என்பது 30 பிக்சல். இரண்டு எண்களும் வேறுபட்டால் கேமரா சாய்ந்திருக்கிறது; எடிட்டரில் கோணத்தைத் திருத்திவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இப்போது டை 612 × 534 பிக்சல் என்றால் 20.4 × 17.8 மி.மீ., அதாவது சுமார் 363 சதுர மி.மீ.

ஒவ்வொரு பக்கத்திலும் 6 பிக்சல் கூடுதலாக அளந்துவிட்டால் என்ன ஆகும்? 20.6 × 18.0, அதாவது கிட்டத்தட்ட 371. நீளத்தில் 1 சதவீதப் பிழை, பரப்பில் 2 சதவீதமாகிவிடுகிறது. பிழை பெரும்பாலும் டையின் விளிம்பில்தான் நுழைகிறது. டையைச் சுற்றிப் பசை போன்ற ஒரு நிரப்புப் பொருள் சரிவாகப் படிந்திருக்கும். மங்கலான படத்தில் அதுவும் டை மாதிரியே தெரியும். பளபளப்பு முடிகிற கோட்டைத்தான் பிடிக்க வேண்டும். இன்னொன்று, டையின் மேற்பரப்பும் மெமரி சிப்பின் மேற்பரப்பும் ஒரே உயரத்தில் இருக்காது. கேமராவுக்கு அருகில் இருப்பது சற்றுப் பெரிதாகத் தெரியும் என்பதால், தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுத்த படமே நம்பகமானது.

டெஸ்க்டாப் பிராசஸர்களில் டைக்கு மேல் உலோக மூடி இருக்கும். மூடியின் அளவுக்கும் டையின் அளவுக்கும் சம்பந்தமே இல்லை, அதை அளக்க வேண்டாம். மூடி கழற்றிய படம் கிடைக்கும்வரை பொறுத்திருங்கள். லேப்டாப் பிராசஸர்களில் பெரும்பாலும் டை வெளியிலேயே இருக்கும்.

சிப்பின் படமே இல்லாமல், மேடையில் யாராவது வேஃபரைத் தூக்கிக் காட்டிய படம் மட்டும் இருக்கிறதா? அதுவும் போதும். இன்றைய வேஃபரின் விட்டம் 300 மி.மீ. படத்தில் விட்டம் 3000 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 0.1 மி.மீ. ஒரு டையை மட்டும் அளக்காமல், வரிசையாகப் பத்து டைகளைச் சேர்த்து அளந்து பத்தால் வகுங்கள்; பிழையும் பத்தில் ஒன்றாகக் குறையும். பத்து டைகள் குறுக்கே 1040 பிக்சல், நெடுக்கே 1130 பிக்சல் என்றால் ஒன்று 10.4 × 11.3 மி.மீ. இதில் டைகளுக்கு நடுவே வெட்டுவதற்காக விட்ட இடைவெளியும் சேர்ந்திருக்கிறது. அதற்கு 0.1 மி.மீ. கழித்தால் 10.3 × 11.2, சுமார் 115 சதுர மி.மீ.

படி 2: டிரான்சிஸ்டர் எண்ணிக்கை தெரிந்தால்

நிறுவனங்கள் பரப்பளவைச் சொல்லாவிட்டாலும் டிரான்சிஸ்டர் (சிப்புக்குள் உள்ள நுண் சுவிட்ச்) எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லிவிடும். அதை அடர்த்தியால், அதாவது ஒரு சதுர மி.மீட்டரில் உள்ள டிரான்சிஸ்டர் எண்ணிக்கையால், வகுத்தால் பரப்பு வந்துவிடும். எந்த அடர்த்தியால் வகுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிற நிறுவனங்களுக்குச் சிப் தயாரித்துக் கொடுக்கும் டிஎஸ்எம்சியின் 7 நானோமீட்டர் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். ஏஎம்டியின் நவி 10 கிராபிக்ஸ் சிப்பில் 1,030 கோடி டிரான்சிஸ்டர்கள், 251 சதுர மி.மீ.; ஆக, ஒரு சதுர மி.மீட்டருக்கு 4.1 கோடி. அதே நிறுவனத்தின் நவி 21-இல் 2,680 கோடி, 520 சதுர மி.மீ.; 5.15 கோடி. என்விடியாவின் ஜிஏ100-இல் 5,420 கோடி, 826 சதுர மி.மீ.; 6.6 கோடி. ஆப்பிளின் ஏ13 மொபைல் சிப்பில் 850 கோடி, சுமார் 98.5 சதுர மி.மீ.; 8.6 கோடி. எல்லாம் ஒரே தலைமுறை, ஆனால் அடர்த்தி இரண்டு மடங்குக்கு மேல் மாறுகிறது.

ஏன் இப்படி? அதிக கிளாக் வேகத்துக்காக வடிவமைக்கும்போது பெரிய, வலுவான செல்களை (டிரான்சிஸ்டர்களாலான சிறு கட்டுமானத் துண்டுகளை) பயன்படுத்துவார்கள். அவை இடத்தைப் பிடிக்கும். கேச் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) அதிகமுள்ள சிப்பில் அடர்த்தி ஏறும், ஏனெனில் மெமரி செல்களை மிக நெருக்கமாக அடுக்கலாம். வெளியுலகோடு பேசும் இணைப்புப் பகுதிகள் அதிகமானால் இறங்கும், அவற்றில் டிரான்சிஸ்டர்கள் குறைவு, இடமோ அதிகம். ஆகவே ஃபவுண்டரி (சிப்பைத் தயாரித்துக் கொடுக்கும் ஆலை) விளம்பரப்படுத்தும் உச்ச அடர்த்தியால் வகுக்காதீர்கள். அது ஒரு மாதிரிச் சுற்றுக்கான எண், முழு சிப் எதுவும் அதை எட்டுவதில்லை.

சரி, எதை எடுப்பது? அதே தலைமுறை, அதே நிறுவனம், அதே வேலை செய்யும் சிப். சொந்த அண்ணன் தம்பி இருந்தால் இன்னும் நல்லது. என்விடியாவின் ஏடி102 கிராபிக்ஸ் சிப்பில் 7,630 கோடி டிரான்சிஸ்டர்கள், 608.5 சதுர மி.மீ.; அடர்த்தி 12.54 கோடி. இதை வைத்து, 3,580 கோடி டிரான்சிஸ்டர்கள் உள்ள ஏடி104-ஐக் கணித்தால் 285.5 வரும். உண்மையான அளவு 294.5. மூன்று சதவீதம்தான் வித்தியாசம். முந்தைய தலைமுறை ஜிஏ102-இன் அடர்த்தியை (2,830 கோடி, 628.4 சதுர மி.மீ., அதாவது 4.5 கோடி) எடுத்திருந்தால் விடை 795 என்று எங்கோ போயிருக்கும். ஜிஏ102 சாம்சங்கின் 8 நானோமீட்டரில் செய்தது, ஏடி102 டிஎஸ்எம்சியில் செய்தது.

படி 3: சகோதரச் சிப்களைக் கழித்துப் பாருங்கள்

இந்த முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. சிப்புக்குள் எந்தப் பகுதி எவ்வளவு இடம் எடுக்கிறது என்பதை, உட்புறப் படமே இல்லாமல் சொல்லிவிடும்.

ஒரே குடும்பச் சிப்கள் ஒரே கட்டுமான அலகுகளால் ஆனவை, எண்ணிக்கைதான் வேறு. ஏடி102-இல் 144 எஸ்எம் அலகுகள் (கிராபிக்ஸ் கணக்குகளைச் செய்யும் தொகுதிகள்), 384 பிட் மெமரி இணைப்பு, 96 எம்பி எல்2 (இரண்டாம் நிலை) கேச். ஏடி103-இல் 80 எஸ்எம், 256 பிட், 64 எம்பி, பரப்பு 378.6. ஏடி104-இல் 60 எஸ்எம், 192 பிட், 48 எம்பி, பரப்பு 294.5. கவனித்தால் ஒவ்வொரு 64 பிட் மெமரி இணைப்புக்கும் 16 எம்பி கேச் கூடவே வருகிறது. அதை ஒரே கட்டாக எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் கட்டுகள் முறையே 6, 4, 3.

இப்போது தெரியாதவை மூன்று: ஒரு எஸ்எம்மின் பரப்பு, ஒரு மெமரிக் கட்டின் பரப்பு, எண்ணிக்கை மாறினாலும் மாறாத நிலையான பகுதி. மூன்றாவதில் பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டைக் கணினியோடு இணைக்கும் பாதை), திரை வெளியீடு, வீடியோ என்கோடர் எல்லாம் அடங்கும்.

ஏடி103-இலிருந்து ஏடி104-ஐக் கழியுங்கள். நிலையான பகுதி காணாமல் போய், 20 எஸ்எம்மும் ஒரு கட்டும் சேர்ந்து 84.1 என்று நிற்கும். ஏடி102-இலிருந்து ஏடி103-ஐக் கழியுங்கள்; 64 எஸ்எம்மும் இரண்டு கட்டும் சேர்ந்து 229.9. முதலாவதை இரட்டித்து இரண்டாவதிலிருந்து கழித்தால் 24 எஸ்எம்முக்கு 61.7 மிஞ்சும். ஆக ஒரு எஸ்எம் சுமார் 2.57 சதுர மி.மீ., ஒரு மெமரிக் கட்டு 32.7, நிலையான பகுதி 42.

இந்த எண்கள் மூன்று சிப்புக்கும் கச்சிதமாகப் பொருந்துகின்றன என்று சந்தோஷப்பட வேண்டாம். மூன்று சமன்பாடு, மூன்று தெரியாதவை. பொருந்தாமல் வேறு என்ன செய்யும்? நான்காவது சிப்தான் பரீட்சை. ஏடி106-இல் 36 எஸ்எம், 128 பிட், 32 எம்பி. கணக்குப்படி 92.5, 65.4, 42.2 சேர்ந்து 200. உண்மையில் அது சுமார் 188. ஆறரை சதவீதம் கூடுதலாகச் சொல்லியிருக்கிறோம். சிறிய சிப்பில் 'நிலையான' பகுதியும் கொஞ்சம் சுருங்கும் என்பது இதன் ஒரு காரணம். அந்தச் சிப்பில் வந்த கார்டுகள் பிசிஐ எக்ஸ்பிரஸை 16 தடங்களுக்குப் பதிலாக 8 தடங்களில்தான் பயன்படுத்துகின்றன. இனி இந்தக் குடும்பத்தில் சிறிய சிப் எதையாவது கணித்தால், நிலையான பகுதியைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

வேறு பக்கத்திலிருந்தும் சரிபார்க்கலாம். ஏஎம்டியின் நவி 31-இல் மெமரிப் பகுதியைத் தனிச் சிப்லெட்டாகவே (ஒரே உறைக்குள் மற்றவற்றோடு சேர்க்கும் சிறு டையாக) பிரித்துவிட்டார்கள். 64 பிட் ஜிடிடிஆர்6 இணைப்பும் 16 எம்பி கேச்சும் கொண்ட அந்தத் துண்டு சுமார் 37.5 சதுர மி.மீ., 6 நானோமீட்டரில் செய்தது, நடுச் சிப்லெட்டுடன் பேசும் இணைப்பும் அதிலேயே இருக்கிறது. நமக்குக் கிடைத்த 32.7 அதற்கு வெகு பக்கத்தில் நிற்கிறது. வேறு நிறுவனம், வேறு தலைமுறை, ஆனாலும் கழித்தல் கணக்கு கைவிடவில்லை.

படி 4: கேச்சைத் தனியாகக் கணக்கிடுங்கள்

சகோதரச் சிப்பே இல்லாதபோது பகுதி பகுதியாகக் கூட்ட வேண்டும். அதில் கேச்தான் மிகத் துல்லியமாக வருவது, ஏனெனில் ஒரு பிட்டுக்கான எஸ்ரேம் (கேச்சைக் கட்டும் நினைவக வகை) செல்லின் பரப்பை ஃபவுண்டரிகளே வெளியிடுகின்றன. டிஎஸ்எம்சியின் 7 நானோமீட்டரில் 0.027 சதுர மைக்ரோமீட்டர், 5 நானோமீட்டரில் 0.021.

64 எம்பி என்றால் 64 × 1024 × 1024 × 8, சுமார் 53.7 கோடி பிட்கள். 0.027-ஆல் பெருக்கி, 10 லட்சத்தால் வகுத்தால் 14.5 சதுர மி.மீ. இது வெறும் செல்களுக்கு மட்டும். முகவரி பிரிப்பது, படிப்பது, எழுதுவது, பிழை திருத்துவது, எந்தத் தரவு எங்கே என்று குறித்துவைப்பது எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். ஏஎம்டி தன் ஜென் 3 பிராசஸர்மீது அடுக்கிய 64 எம்பி கேச் சிப், 7 நானோமீட்டரில், 41 சதுர மி.மீ. செல் பரப்பைப்போல 2.8 மடங்கு. அது மேல் கீழ் இணைப்புகளும் கொண்ட தனிச் சிப் என்பதால் கொஞ்சம் அதிகம். பெரிய கேச்களுக்கு 2 முதல் 3 மடங்கு என்று எடுத்துக்கொள்வது நியாயமான வரம்பு. எல்1 போன்ற சிறிய, வேகமான கேச்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவற்றைக் கோரின் பரப்போடு சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

கோர்களையும் கேச்சையும் கூட்டிவிட்டு அதையே சிப்பின் பரப்பு என்று சொல்லிவிடக் கூடாது. ஏஎம்டியின் ஜென் 2 பிராசஸரின் எட்டு கோர் சிப்லெட் 74 சதுர மி.மீ. அதில் நான்கு கோரும் 16 எம்பி எல்3-யும் கொண்ட தொகுதி ஒன்று 31.3. இரண்டு தொகுதிக்கு 62.6. மீதி 11.4, அதாவது 15 சதவீதம், இணைப்புகளுக்கும் கட்டுப்பாட்டுச் சுற்றுகளுக்கும் போய்விட்டது. இத்தனைக்கும் அந்தச் சிப்லெட்டில் மெமரி இணைப்போ பிசிஐ எக்ஸ்பிரஸோ கிடையாது. எல்லாம் ஒன்றாக உள்ள சிப்பில் இந்த மீதி இன்னும் பெரியது.

படி 5: தலைமுறை மாறும்போது மூன்றாகப் பிரியுங்கள்

பழைய சிப்பைப் புதிய தலைமுறைக்கு மாற்றினால் எவ்வளவு சுருங்கும்? 7-லிருந்து 5 நானோமீட்டருக்குப் போகும்போது லாஜிக் (கணக்குப் போடும் சுற்றுகள்) அடர்த்தி சுமார் 1.8 மடங்கு, எஸ்ரேம் 1.35 மடங்கு, அனலாக் பகுதி 1.2 மடங்கு என்பது டிஎஸ்எம்சி சொன்ன கணக்கு.

200 சதுர மி.மீ. சிப் ஒன்றில் லாஜிக் 120, எஸ்ரேம் 40, அனலாக்கும் வெளி இணைப்புகளும் 40 என்று வைப்போம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வகுத்தால் 66.7, 29.6, 33.3, மொத்தம் 130. எல்லாவற்றையும் 1.8-ஆல் வகுத்திருந்தால் 111 என்று வந்திருக்கும். 5-லிருந்து 3 நானோமீட்டருக்குப் போகும்போது இது இன்னும் மோசம். டிஎஸ்எம்சியின் என்3இ என்ற 3 நானோமீட்டர் வகையில் எஸ்ரேம் செல் அதே 0.021-இல் நின்றுவிட்டது. நவி 31-இல் கேச்சையும் மெமரி இணைப்பையும் 6 நானோமீட்டரிலேயே விட்டுவிட்டு, கணக்குப் போடும் பகுதியை மட்டும் 5-க்குக் கொண்டுபோனதன் நியாயம் இதுதான்: சுருங்காத பகுதிக்கு விலை உயர்ந்த வேஃபரைச் செலவழிப்பானேன்?

படி 6: விடை நடக்கக்கூடியதா?

சிப்பின் வடிவத்தை ஒளியால் வேஃபரில் பதிக்கும் லித்தோகிராபி இயந்திரம் ஒரே தடவையில் ஒளியூட்டக்கூடிய பரப்பு 26 × 33 மி.மீ., அதாவது 858 சதுர மி.மீ. என்விடியாவின் பெரிய சிப்களான ஜிவி100 (815), ஜிஏ100 (826), ஜிஎச்100 (814) எல்லாம் இந்தச் சுவரை ஒட்டியே நிற்கின்றன. உங்கள் கணக்கு ஒற்றை டைக்கு 900 என்று சொன்னால் ஒன்று கணக்கு தப்பு, இல்லையென்றால் அது ஒன்றுக்கு மேற்பட்ட டை. பரப்பு மட்டுமல்ல, பக்க அளவும் 26-க்கும் 33-க்கும் உள்ளே அடங்க வேண்டும்.

எதிர்த் திசையிலும் ஒரு எல்லை உண்டு. மெமரி இணைப்புகள் டையின் ஓரத்தில்தான் அமரும். சிறிய சிப்புக்கு அகலமான மெமரி இணைப்பு கொடுத்தால் ஓரம் பற்றாமல் போகும். உள்ளே வேலை இல்லாவிட்டாலும் சிப் பெரிதாக வேண்டியிருக்கும். அதனால் சிறிய சிப்களைக் கணிக்கும்போது சுற்றளவையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

விடையை ஒற்றை எண்ணாகச் சொல்ல வேண்டாம். நல்ல படத்தில் அளந்தது என்றால் 2 சதவீதம் முன்பின், சகோதரச் சிப் வழியாக என்றால் 5 முதல் 7, பகுதி பகுதியாகக் கூட்டியது என்றால் 15 வரை என்று நான் எழுதுவேன். '293.7' என்று தசமத்தோடு எழுதினால், இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுகிறீர்கள்.

படி 7: வேஃபருக்கு எத்தனை?

வேஃபரின் பரப்பு 70,686 சதுர மி.மீ. அதை டையின் பரப்பால் வகுத்து, ஓரத்தில் வீணாவதைக் கழிக்க வேண்டும். கழிக்க வேண்டியது: வேஃபரின் சுற்றளவை (942.5 மி.மீ.), டை பரப்பின் இரு மடங்கின் வர்க்கமூலத்தால் வகுத்த எண். 608.5 சதுர மி.மீ. டைக்கு 116-இல் 27 போக, சுமார் 89.

அப்புறம் பழுது. ஒரு சதுர செ.மீட்டருக்கு 0.1 பழுது என்று வைத்தால், பழுதே இல்லாத டையின் விகிதம் 2.718-இன் அடுக்கு மைனஸ் (பரப்பு × 0.1), பரப்பைச் சதுர செ.மீட்டரில் எடுக்க வேண்டும். 6.085 சதுர செ.மீ. டைக்கு இது 54 சதவீதம், அதாவது 89-இல் 48. முன்பு வேஃபர் படத்தில் அளந்த 115 சதுர மி.மீ. டைக்கு அதே கணக்கில் 89 சதவீதம்.

மீதி 41-உம் குப்பைக்குப் போவதில்லை. ஏடி102-இல் 144 எஸ்எம் இருந்தும், ஆர்டிஎக்ஸ் 4090 கார்டில் 128 மட்டுமே இயங்குகின்றன. பழுதான அலகுகளை அணைத்துவிட்டு விற்க அது இடம் கொடுக்கிறது. இதனால்தான் கடையில் வரும் கார்டின் எஸ்எம் எண்ணிக்கையை வைத்துப் படி 3-இன் கழித்தல் கணக்கைப் போடக்கூடாது. முழுச் சிப்பில் எத்தனை இருக்கிறது என்பதைத் தேடிப் பிடித்துவிட்டே தொடங்குங்கள்.